காரையில் சுறாப்பல் பொறுக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

ஆண்டுதோறும் மாணவர்களைக் காரைக் களிமண் மேடுகளுக்கு அழைத்துவரும் கல்லூரி நிலவியல் துறைகளுக்கும், விடுமுறை நாளில் தாங்களாகவே வந்து புதைபடிவம் சேகரிக்கும் இளைஞர் குழுக்களுக்கும்,

வணக்கம்.

எடுத்ததைத் திருப்பி வைக்கச் சொல்லி இதை எழுதவில்லை. பொறுக்கவே கூடாது என்றும் சொல்லப்போவதில்லை. பெரம்பலூர் மாவட்டத்தின் காரை, கொளக்காநத்தம் வட்டாரக் களிமண்ணில் வெளியே தலைகாட்டிய பல் அடுத்த மழைக்கு ஓடையில் உருளும், அதற்கடுத்த மழைக்கு உருத்தெரியாமல் தேயும். எடுக்காமல் விடுவதால் அது பிழைத்துவிடாது. நாங்கள் கேட்பது பத்து நிமிடம். பல்லைக் கண்டதும் குனிந்து எடுக்காமல், பத்து நிமிடம் அதை அங்கேயே கிடக்க விடுங்கள். அந்த நேரத்தில் என்ன செய்யவேண்டும், செய்யாவிட்டால் எது தொலைகிறது, வீட்டுக்குக் கொண்டுபோனபின் எதைச் செய்யவே கூடாது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறோம்.

பேச்சு அந்தரத்தில் நிற்கக் கூடாது என்பதற்காக ஒரே ஒரு விலங்கை எடுத்துக்கொள்கிறோம்: டைகோடஸ். ரோமன் எழுத்தில் இந்தப் பெயரின் தொடக்கத்தில் ‘ப்’ ஒலிக்குரிய எழுத்து ஒன்று நிற்கும். உச்சரிப்பில் அதற்கு வேலையில்லை. கிரேக்கத்தில் ‘மடிப்புப் பல்’ என்று பொருள். 1830-களில் மீன் புதைபடிவங்களை ஆராய்ந்த லூயி அகாசி வைத்த பெயர். டைனோசர்கள் உலவிய கிரெட்டேசியஸ் காலக் கடல்களில் வாழ்ந்து அழிந்த சுறாப் பேரினம் இது. ஐரோப்பா, வட அமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஆசியா எனப் பல கண்டங்களில் இதன் பற்கள் கிடைக்கின்றன. காரைப் படிவுகளிலிருந்து டைகோடஸ் டெகரன்ஸ் என்னும் இனத்தின் பற்களை ஓம்கார் வர்மா, ஜி.வி.ஆர். பிரசாத் முதலியோர் 2012-இல் விரிவாக விவரித்தார்கள். காரைப் படிவுகளின் வயது ஏறக்குறைய 10 கோடி ஆண்டு தொடங்கி 9 கோடி ஆண்டு வரை.

சுறாப்பல் என்றதும் கூரான முக்கோணத்தைத் தேடும் கண்ணுக்கு டைகோடஸ் பல் சிக்காது. அது குத்தும் பல் இல்லை, அரைக்கும் பல். நடுவில் சற்றே புடைத்த மேடு. மேட்டின் குறுக்கே மடிப்பு மடிப்பாக வரிகள். சுற்றிலும் பொடி மணி கோத்தாற்போன்ற ஓரம். அடியில் தட்டையான, நுண்துளை நிறைந்த வேர். இப்படிச் சில நூறு பற்கள் வரிசை வரிசையாக நெருங்கி, கொத்திய அம்மிபோல இரண்டு தாடையிலும் பதிந்திருக்கும். கீழ்த்தாடையின் நடுவரிசையில்தான் ஆகப் பெரியவை. மேல்தாடையின் நடுவரிசையிலோ பொடிப் பற்கள். பெரியவை அதற்கு இருபுறமும். ஓரத்தை நோக்கிப் போகப்போகப் பல் சிறுக்கும், வடிவம் கோணிக்கொள்ளும். 5 செ.மீ. அகலப் பல்லும் 5 மி.மீ. பல்லும் ஒரே வாயில் இருந்தவையாக இருக்கலாம். சின்னதைத் தனி இனம் என்று பெயரிட்டுத் தனி டப்பாவில் போடுவதுதான் முதல் தவறு. அதைப் பிறகு பார்ப்போம்.

பல் மட்டுமே கையில் இருந்தால் எவ்வளவு தூரம் ஏமாறலாம் என்பதற்கும் டைகோடஸ்தான் சாட்சி. அரைக்கும் பல் கொண்டது என்பதால், கடல்தரையோடு ஒட்டி மெல்ல ஊர்ந்து சிப்பி தின்ற மீன் என்று ஏறத்தாழ 190 ஆண்டுகள் எழுதப்பட்டுவந்தது. திருக்கைக்கு உறவு என்றார்கள் சிலர், ஹைபோடான்ட் என்னும் பழஞ்சுறாக் கூட்டம் என்றார்கள் வேறு சிலர். வட மெக்சிகோவில் வல்லேசில்லோ என்ற ஊரில் சுண்ணாம்புக்கல்லைப் பலகை பலகையாக உரித்தெடுக்கும் குழிகள் உள்ளன. அங்கே உடலின் புறவடிவம் சகிதம் முழு எலும்புக்கூடுகள் கிடைத்தன. ரொமான் வுல்லோவும் குழுவினரும் 2024-இல் அவற்றை வெளியிட்டார்கள். பெருவெள்ளைச் சுறா அடங்கும் லாம்னிஃபார்மிஸ் வரிசையைச் சேர்ந்த, கதிர்போன்ற உடலுள்ள, வேகமாக நீந்தும் சுறா அது! அம்மோனைட், கடலாமை போன்ற, நீந்தித் திரியும் ஓடுடைய உயிர்களைத் துரத்தி நொறுக்கியிருக்கவேண்டும் என்பது அவர்கள் முடிவு. துறை அருங்காட்சியகச் சுவரில் டைகோடஸைத் தரையில் படுத்துக்கிடக்கும் மீனாக வரைந்திருந்தால் படத்தை மாற்றிவிடுங்கள். ‘விண்கல் மோதி அழிந்தது’ என்று கீழே எழுதியிருந்தால் அதையும் அழித்துவிடுங்கள். டைகோடஸ் சுமார் 7.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டது, விண்கல் வந்தது 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்.

இங்கே நாங்கள் சொல்லவருவது ஒன்றுதான். பல் நிறையக் கிடைக்கும். பல்லோடு கிடப்பவை அரிது. பளபளப்பைப் பார்த்துப் பல்லை மட்டும் எடுத்துக்கொண்டு, பக்கத்தில் மங்கலாகக் கிடப்பதை மிதித்துப் போகிறோம்.

மங்கலாகக் கிடப்பவை எவை? முதலாவது, முதுகெலும்பு வட்டுகள். கேரம் காய்போல இருக்கும், ஆனால் இரண்டு பக்கமும் குழிந்திருக்கும். குழிக்குள் வளையம் வளையமாகக் கோடுகள் தெரியும். அந்த வளையங்கள் மரத்தின் ஆண்டு வளையம் மாதிரி. ஸ்பெயினில் ஒன்றாகக் கிடைத்த டைகோடஸ் எச்சங்களில் இவற்றை எண்ணி, அந்த விலங்கு 30 வயதுவரை வளர்ந்தது, நீளம் 4.3 முதல் 7.1 மீட்டருக்குள் இருக்கும் என்று 2020-இல் கணித்தார்கள். ஆயிரம் உதிரிப் பல் சேர்த்தாலும் இந்தத் தகவல் வராது. இரண்டாவது, சுண்ணமேறிய குருத்தெலும்பு. சுறாவுக்கு எலும்பு கிடையாது. குருத்தெலும்பின் மேற்பரப்பில் ஒரு மி.மீ.-க்கும் குறைவான பொடிக் கட்டிகள் தரையில் பதிக்கும் ஓடுகள்போல ஒட்டிப் படிந்திருக்கும். களத்தில் அது சாம்பல் நிறச் சொரசொரப்புத் துண்டு, அவ்வளவுதான். கைலென்ஸில் 10 மடங்கு பெருக்கிப் பார்த்தால் பல கோணச் சில்லுகள் தேன்கூடுபோலத் தெரியும். தெரிந்துவிட்டால் எழுந்து நின்று எல்லோரையும் அங்கேயே நிற்கச் சொல்லுங்கள். மூன்றாவது, ஒரு மீட்டர் சுற்றளவுக்குள் இரண்டாவது டைகோடஸ் பல். ஒன்றுக்கு மேல் கிடந்தால் அவை ஒரே வாயிலிருந்து வந்திருக்கலாம். அப்படியானால் எந்தப் பல்லுக்குப் பக்கத்தில் எந்தப் பல் கிடந்தது என்பதே முக்கியம்; எல்லாவற்றையும் ஒரே பையில் குலுக்கிப் போட்டால் கேள்வியே செத்துவிடும்.

இனி அந்தப் பத்து நிமிடத்துக்கு வருகிறோம்.

பல்லைத் தொடாமல் அதன் பக்கத்தில் மி.மீ. அளவுகோலை வையுங்கள். நாணயம் வேண்டாம், நாணயத்தின் அளவு காலத்துக்குக் காலம் மாறும், பத்தாண்டு கழித்துப் படத்தைப் பார்ப்பவருக்கு அது பயன்படாது. மூன்று படம் போதும்: பல் மட்டும், பல்லும் ஒரு மீட்டர் சுற்றுப்புறமும், தொலைவிலிருந்து மேடு முழுவதும். மூன்றாவது படத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மேட்டின் எந்த உயரத்தில் கிடந்தது என்பதைப் பிறகு சரிபார்க்க அதுதான் கைகொடுக்கும்.

பிறகு இடக்குறிப்பு. கைபேசியைத் திறந்தவுடன் காட்டும் எண்ணை எழுதாதீர்கள். இரண்டு மூன்று நிமிடம் திறந்த வானத்தின் கீழ் அசையாமல் வைத்தால் எண் நிலைகொள்ளும். பாகையில் ஐந்து தசம இடம் எழுதினால் ஒரு மீட்டர் அளவுக்கு நுணுக்கம். மூன்று இடத்தோடு நிறுத்தினால் நூறு மீட்டருக்கு மேல் வழுக்கும். ஓடைக்கு ஓடை அடுக்கு மாறும் காரையில் நூறு மீட்டர் என்பது வேறு காலம். கைபேசி காட்டும் பிழை அளவையும் கூடவே குறித்துக்கொள்ளுங்கள்.

இதைவிட முக்கியமானது: பல் அடுக்கில் பதிந்திருந்ததா, உதிரியாகக் கிடந்ததா? பாதி களிமண்ணுக்குள் இருந்தாலே பதிந்தது என்று எழுதிவிடுகிறார்கள். மழையில் குழைந்து காய்ந்த மேல்மண்ணும் உதிரிப் பல்லைப் பாதி விழுங்கியிருக்கும். பல்லைச் சுற்றியுள்ள மண்ணை ஊசியால் ஒரு செ.மீ. ஆழம் கிளறுங்கள். பொலபொலவென்று வந்தால் அது வழிந்த மண்; தகடு தகடாக, கெட்டியாக வந்தால் அடுக்கு. சந்தேகம் இருந்தால் ‘உதிரி’ என்றே எழுதுங்கள். தவறான உறுதியைவிட நேர்மையான ‘உதிரி’ பல மடங்கு உதவும்.

உதிரிக்கும் ஊர் கண்டுபிடிக்கலாம். பல் கிடந்த இடத்திலிருந்து நீர் வழிந்த தடத்தைப் பிடித்து மேலே ஏறுங்கள், விசிறிபோல இருபக்கமும் தேடிக்கொண்டே. அதே நிறச் சில்லுகள், வேர்த் துண்டுகள் வந்துகொண்டே இருக்கும். எந்த உயரத்துக்கு மேல் அவை சட்டென்று நின்றுவிடுகின்றனவோ, அந்த உயரத்தில்தான் தாய் அடுக்கு இருக்கிறது. அங்கே மேல்மண்ணை ஒரு சாண் அகலத்துக்குச் செதுக்கிப் புது முகம் எடுத்துப் பாருங்கள்.

அடுக்கின் உயரத்தை எதிலிருந்து அளப்பது என்பதில் காரை ஒரு பொறி வைத்திருக்கிறது. கண்ணைப் பறிக்கும் வெள்ளை ஜிப்சம் நரம்புகளைத்தான் மாணவர்கள் அடையாள அடுக்காக எடுத்துக்கொள்கிறார்கள். அவை களிமண் படிந்தபோது உண்டானவை அல்ல. பின்னாளில் வெடிப்புகளில் ஊறிய நீர் விட்டுப்போனவை. பல இடங்களில் அடுக்கைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். ஒரே நரம்பிலிருந்து இரண்டு மீட்டர் கீழே என்று இருவர் எழுதிய இரண்டு பற்கள் வெவ்வேறு காலத்தவையாக இருக்கக்கூடும். சுண்ணாம்பு கலந்த கெட்டி அடுக்கையோ, மணற்கல் பட்டையையோ, பாஸ்பேட் உருண்டைகள் வரிசையாக வரும் பட்டையையோ அடையாளமாகப் பிடியுங்கள். இங்கே அடுக்குகள் கிழக்கு நோக்கிச் சற்றே சாய்ந்திருப்பதால் சரிவில் நடந்து அளந்த தூரம் அடுக்கின் தடிமன் ஆகாது. சாய்வுமானி இல்லாமல் அளந்திருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள்.

இவ்வளவு எதற்கு என்று கேட்பவர்களுக்கு: சென்னை மாகாணத்தில் இருந்த கேய், கன்லிஃப் இருவரும் தென்னிந்தியக் கிரெட்டேசியஸ் படிவுகளில் சேகரித்த மீன் எச்சங்களை ஆங்கிலப் புதைபடிவ ஆய்வாளர் எகர்ட்டன் 1845-இல் விவரித்தார். புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளி என்று வட்டாரப் பெயர்களால்தான் அந்தச் சேகரம் அறியப்பட்டது. ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று பாறைத் தொகுதிகளை நிலவியலாளர் பிளான்ஃபோர்டு பிரித்தது 1860-களில்தான். பகுப்பே பிறக்காத காலத்தில் சேகரித்தவர்களைக் குறைசொல்ல முடியாது. கையில் செயற்கைக்கோள் இடங்காட்டி வைத்துக்கொண்டு ‘காரை’ என்று ஒரே சொல்லில் சீட்டு எழுதும் நமக்கு என்ன சாக்கு இருக்கிறது?

எடுக்கும் முறை. முழுதாக, விரிசலில்லாமல் இருந்தால் கையால் எடுக்கலாம். விரிசல் தெரிந்தால் இழுக்காதீர்கள். வேர் மண்ணோடு தங்கி, பற்சிப்பி மட்டும் தொப்பிபோலக் கழன்று வரும். சுற்றிலும் 5 செ.மீ. மண் விட்டு, பள்ளம் தோண்டி, பல்லை ஒரு மண் பீடத்தின்மேல் நிற்க வையுங்கள். ஈரக் காகிதத்தை இரண்டு மடிப்பு போர்த்தி, அதன்மேல் எலும்பு முறிவுக்குக் கட்டும் மாவுக்கட்டுத் துணியை மூன்று நான்கு சுற்று சுற்றுங்கள். காகிதம் இல்லாமல் நேரே மாவுக்கட்டுப் போட்டால் பிரிக்கும்போது பல்லின் வரிகளும் கூடவே வரும். காய்ந்ததும் மேல்பக்கம் எது, வடக்கு எது என்று கட்டின்மேலேயே எழுதிவிட்டு அடியை அறுத்து எடுங்கள். முதுகெலும்பு வட்டுகளோ குருத்தெலும்போ தொடர்ச்சியாகத் தெரிந்தால் மாவுக்கட்டும் போடவேண்டாம். மேலே மண்ணைப் போட்டு மூடி, படமும் இடக்குறிப்பும் எடுத்துக்கொண்டு, முதுகெலும்பிப் புதைபடிவம் தோண்டிப் பழகியவர்களை அழைத்து வாருங்கள். ஒருநாள் பயணத்தின் கடைசி அரைமணியில் தோண்டி எடுக்கவேண்டிய பொருள் அது இல்லை.

பெரிய பல்லைத் தேடி அலைவதைவிட ஒரே அடுக்கிலிருந்து 10 கிலோ களிமண் எடுத்துப்போவது பெரும்பாலும் அதிகம் பேசும். கண்ணுக்குத் தெரியும் பற்களை முதலில் பொறுக்கித் தனியே வைத்துவிட்டு, மண்ணைச் சுக்காக வெயிலில் காயப்போடுங்கள். ஈரக் களிமண்ணைத் தண்ணீரில் போட்டால் உருண்டையாகவே கிடக்கும். நன்றாகக் காய்ந்தது தண்ணீர் பட்டதும் தானே உடைந்து சேறாகும். முழுதும் உடையாவிட்டால் மறுபடி காயவைத்து மறுபடி ஊறவையுங்கள், கையால் பிசையாதீர்கள். 2 மி.மீ., 1 மி.மீ., அரை மி.மீ. என்று மூன்று சல்லடையை அடுக்கி, மெல்லிய நீர் விட்டு அலசுங்கள். அழுத்தித் தேய்த்தால் பொடிப் பல்லின் முனை போகும். சல்லடையில் தங்குவதில் பெரும்பகுதி ஜிப்சப் பளிங்காக இருக்கும். சலிக்காமல் லென்ஸின் கீழ் பொறுக்கத்தான் வேண்டும். இரண்டு விஷயம் மறக்கக் கூடாது. மண்ணின் உலர்ந்த எடையைக் குறிக்காவிட்டால் கிலோவுக்கு எத்தனை பல் என்ற கணக்கு வராது. அடுத்த மண்ணைப் போடுமுன் சல்லடையைக் கவிழ்த்துத் தூரிகையால் தட்டாவிட்டால், முந்தைய அடுக்கின் பல் கண்ணியில் சிக்கியிருந்து அடுத்ததில் விழும். ‘எதிர்பாராத அடுக்கில் எதிர்பாராத சுறா’ சில சமயம் இப்படித்தான் பிறக்கிறது.

அமிலம். இதில் கெஞ்சிக் கேட்கிறோம். கழிப்பறை கழுவும் அமிலம், எலுமிச்சைச் சாறு, வினிகர் எதுவும் வேண்டாம். சுண்ணாம்புக்கல்லில் பதிந்த எச்சத்தை நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் விடுவிப்பார்கள் என்று பாடத்தில் படித்ததைக் காரைக்குப் பொருத்துகிறார்கள். அங்கே கல் கார்பனேட், எச்சம் பாஸ்பேட். அமிலத்தின் வலுவையும் சேர்மத்தையும் சரிக்கட்டி, கல்லைக் கரைத்து எச்சத்தை மிச்சம் வைக்கலாம். காரையில் பல்லைச் சுற்றியிருப்பது களிமண்ணும் ஜிப்சமும். இரண்டும் அதற்கு மசியாது. பாஸ்பேட் உருண்டைக்குள் இருக்கும் பல் இன்னும் மோசம்: உருண்டையும் பாஸ்பேட், பல்லும் பாஸ்பேட். கரைந்தால் இரண்டும் சேர்ந்தே கரையும், நுண்துளை வேர்தான் முதலில் போகும். பல் ‘பளிச்சென்று’ ஆகிவிட்டதே என்று மகிழும்போது அதன் மேல்தோல் கரைந்து வடிகாலில் போயிருக்கும். ஊசிப்பிடியில் செருகிய எஃகு ஊசி, மென்தூரிகை, லென்ஸ், பொறுமை. இவற்றுக்கு மாற்று இல்லை. ஊசியைப் பல்லை நோக்கிக் குத்தாமல், பல்லிலிருந்து விலகும் திசையில் மண்ணைத் தள்ளுங்கள். ஜிப்சம் ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் விட்டுவிடுங்கள். மூலையில் கொஞ்சம் ஜிப்சம் இருப்பது குற்றமில்லை. கழுவிய பல்லை நிழலில் உலர்த்துங்கள். பற்சிப்பி அடர்த்தி, வேர் துளை. வெயிலில் வைத்தால் இரண்டும் வேறுவேறு வேகத்தில் காய்ந்து இடையே பிளக்கும்.

பசை விஷயத்திலும் அதே கதைதான். சொட்டு விட்டவுடன் பிடித்துக்கொள்ளும் உடனடிப் பசை, நகப்பூச்சு, மரவேலைப் பசை எல்லாம் பழுப்பேறும், நொறுங்கும், பிறகு பிரிக்க முயன்றால் பல்லையும் கூட்டிக்கொண்டு வரும். பாராலாய்ட் பி-72 என்னும் அக்ரிலிக் மணிகளை அசிட்டோனில் கரைத்துப் பயன்படுத்துங்கள். பொருந்தாமல் ஒட்டிவிட்டால் அசிட்டோனாலேயே கழற்றிவிடலாம். நொய்ந்த வேரை இறுக்க 100 மி.லி. அசிட்டோனுக்கு 5 கிராம். உடைந்த இரண்டு துண்டை ஒட்ட 100 மி.லி.-க்கு 40 முதல் 50 கிராம். மணிகளை அப்படியே கொட்டினால் அடியில் கட்டியாகிவிடும். மெல்லிய துணியில் முடிந்து கண்ணாடிப் புட்டிக்குள் தொங்கவிட்டால் ஒரே இரவில் கரையும். நெருப்பு பக்கத்தில் கூடாது, சன்னல் திறந்திருக்கவேண்டும். ஈரப்பதம் மிகுந்த நாளில் பூசினால் வெள்ளை பூக்கும். ஆவியாகும் அசிட்டோன் பல்லைக் குளிர்வித்து, காற்றின் ஈரத்தை அதன்மேல் இறக்குவதுதான் காரணம். காய்ந்த நாளுக்குக் காத்திருங்கள். உடையாத பல்லுக்கு எந்தப் பூச்சும் தேவையில்லை. பளபளப்புக்காக எண்ணெய் தடவுவதும் வேண்டாம். மடிப்புகளின் இடுக்கில் உள்ள தேய்மானக் கீறல்களைப் படிக்கவோ, பற்சிப்பியின் ஆக்சிஜன் ஐசோடோப்பிலிருந்து கடல்நீரின் வெப்பத்தைக் கணிக்கவோ பிறகு யாராவது முனைந்தால், எண்ணெய்தான் முதல் எதிரி.

தேய்மானம் என்றதும் ஒன்று சொல்லவேண்டும். இரண்டு வகைத் தேய்மானம் உண்டு, குழப்பிக்கொள்கிறோம். விலங்கு உயிரோடு இருந்தபோது கடித்துத் தேய்ந்த பல்லில் நடு மேட்டின் உச்சி மட்டும் வழவழப்பாகி வரிகள் அழிந்திருக்கும். ஓர மணிகளும் வேரின் விளிம்பும் கூர்மையாகவே இருக்கும். கடலடியில் உருண்டு தேய்ந்ததில் எல்லா முனையும் ஒன்றுபோல மழுங்கியிருக்கும், வேர் உட்பட. பாஸ்பேட் உருண்டைப் பட்டையில் இரண்டாவது வகை கிடைத்தால் எச்சரிக்கை: பழைய அடுக்கு அரிபட்டு, அதிலிருந்த பல் புது அடுக்கில் மறுபடி புதைந்திருக்கலாம். அடுக்கின் வயதைப் பல்லின் வயது என்று எழுதிவிடாதீர்கள்.

பெயர் சூட்டுவதில் இவ்வளவு அவசரம் ஏன் என்றுதான் புரியவில்லை. பேரினம் வரை வருவது கடினமில்லை. அரைக்கும் பல் கொண்ட கழுகுத் திருக்கைகளின் பல் தட்டையாக, அறுகோணமாக, வேர் சீப்புப்போலப் பிளந்திருக்கும். டைகோடஸின் வேரில் அந்தச் சீப்பு இல்லை. பிக்னோடான்ட் மீன்களின் பல் அவரை விதைபோல வழுவழுப்பானது, மடிப்பு வரி கிடையாது. இனம் வரை இறங்கத்தான் இடறுகிறது. டெகரன்ஸில் மேடு தாழ்வு; குறுக்கு வரிகள் மேட்டோடு நிற்காமல் ஓரத்துக்கும் ஓடிக் கலக்கும். லாட்டிசிமஸ் என்னும் இனத்தில் வரிகள் சில, தடித்தவை. ஓரம் தனியே பிரிந்து தெரியும். மோர்ட்டோனி என்னும் இனத்தில் மேடு உயர்ந்து, வரிகள் உச்சியிலிருந்து கதிர்போலப் பரவும். இவையெல்லாம் நடுவரிசைப் பற்களுக்குச் சரி. ஓரப் பல்லில், தேய்ந்த பல்லில், பாதி உடைந்த பல்லில் இந்த வேறுபாடு மங்கிவிடும். அப்போது ‘டைகோடஸ், இனம் உறுதியில்லை’ என்று எழுதுவது தோல்வி இல்லை. கைபேசியில் படம் காட்டிப் பெயர் கேட்டு, வந்த பெயரைச் சீட்டில் எழுதினால், அடுத்து வருபவர் அந்தப் பெயரை நம்பித் தொலைவார்.

படம் எடுக்கும்போது ஐந்து பக்கம் வேண்டும்: அரைக்கும் முகம், முன், பின், பக்கம், வேரடி. ஒளி இடது மேல்மூலையிலிருந்து தாழ்வாக விழட்டும். நேர்மேலே விளக்கிருந்தால் மடிப்புகள் தட்டையாகிவிடும். அளவுகோலை மேசையில் கிடத்தி, இரண்டு செ.மீ. உயரப் பல்லை அருகில் வைத்தால் பல் பெரிதாக அளக்கும். அளவுகோலைப் பல்லின் விளிம்பு உயரத்துக்குத் தூக்கி வையுங்கள். அகலம், முன்பின் நீளம், மேட்டின் உயரம், வரிகளின் எண்ணிக்கை ஆகிய நான்கையும் அளந்து எழுதினால் பல்லைப் பார்க்காதவரும் ஒப்பிடலாம்.

சீட்டைப் பென்சிலால் எழுதிப் பைக்குள்ளேயே போடுங்கள். பந்துமுனைப் பேனா மை ஈரத்தில் பரவிவிடும், பைக்கு வெளியே ஒட்டியது உரிந்துவிடும். பல்லின்மேல் எண் எழுதுவதானால் வேரில் மட்டும்: பி-72 ஒரு சிறு பூச்சு, மையால் எண், அதன்மேல் மறுபடி பூச்சு. பஞ்சில் பொதியாதீர்கள், நார் மடிப்புகளில் சிக்கும். நுரைத்தகட்டில் பல்லளவுக்குக் குழி வெட்டி வையுங்கள்.

இதெல்லாம் செய்தும் பல் ஒருவர் வீட்டு அலமாரியில் இருந்தால் ஆய்வுக்கட்டுரையில் ஏறாது. மற்றவர் சென்று சரிபார்க்க முடியாத மாதிரியை மதிப்புமிக்க இதழ்கள் ஏற்பதில்லை. பதிவு எண்ணோடு ஒரு பொது நிறுவனத்தின் சேகரத்தில் இருக்கவேண்டும். சுரங்க அமைச்சகம் 2022 டிசம்பரில் புவிப்பாரம்பரியத் தலங்களையும் எச்சங்களையும் காக்க ஒரு வரைவு மசோதாவைக் கருத்துக்கேட்புக்கு வெளியிட்டது. சட்டம் எப்படி அமைந்தாலும், பதிவேடு வைத்திருக்கும் துறைக்கு அதனால் வரும் சுமை குறைவாகவே இருக்கும்.

ஆகவே துறைகளிடம் குறிப்பாகக் கேட்கிறோம். அடுத்த களப்பயணத்துக்கு முன் ஒரு பதிவேடு தொடங்குங்கள்: வரிசை எண், நாள், இடக்குறிப்பு, பிழை அளவு, அடுக்கு அல்லது உதிரி, அடையாள அடுக்கிலிருந்து உயரம், எடுத்தவர். பத்து மாணவருக்கு ஒருவர் வீதம் இதை எழுதப் பழகியவர் இருக்கட்டும். 40 பேர் ஆளுக்குப் பத்து பெலம்னைட் (கணவாய் போன்ற அழிந்த உயிரின் தோட்டா வடிவ உள்ளோடு) எடுத்தால் 400; கற்பிக்க 20 போதும், மீதியைக் களத்திலேயே பார்த்து, வரைந்து, விட்டுவிட்டு வரலாம். இளைஞர் குழுக்கள், பக்கத்துக் கல்லூரியின் பதிவேட்டில் எண் வாங்கிக்கொள்ளுங்கள். கண்டெடுத்தவர் பெயர் அந்த எண்ணோடு என்றும் இருக்கும்.

சீட்டில்லாமல் ஏற்கெனவே ஆய்வகத்தில் குவிந்திருக்கும் பற்களைத் தூக்கி எறியாதீர்கள். எந்த ஆண்டுப் பயணம், யார் அழைத்துப்போனார், பேருந்து எங்கே நின்றது, எந்த ஓடை வழியாக நடந்தார்கள் என்று பழைய மாணவர்களிடம் கேட்டு, ‘இடம்: நினைவிலிருந்து’ என்ற தலைப்போடு எழுதி வையுங்கள். ஒன்றுமே தேறாதவற்றைத் தனி டப்பாவில் போட்டு ‘பயிற்சிக்கு’ என்று ஒட்டுங்கள். ஊசி பிடிக்கவும், பி-72 கலக்கவும், குறுக்கே அறுத்துப் பற்சிப்பியின் தடிமனைப் பார்க்கவும் புதிதாக வருபவர்களுக்கு அவைதான் வேண்டும்.

இப்படிக்கு,
புதைபடிவங்களைத் துலக்கிப் பதிவேட்டில் ஏற்றும் பணியில் இருப்போர்